பேக்கப் எடுத்தாச்சு என்று சொல்பவர்கள் கவனத்திற்கு

"பேக்கப்பா? அதெல்லாம் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு தானா ஓடிடும்."

லினக்ஸ் கொஞ்சம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வேறு. சரி, என்னதான் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தால் க்ரான் பட்டியலில் ஒரே ஒரு வரி இருக்கும். ஆர்சிங்க் கட்டளை, கூடவே டெலீட் என்றொரு ஆப்ஷன், இந்த டிஸ்கிலிருந்து அந்த டிஸ்குக்கு. முடிந்தது கதை. இதைத்தான் 'எளிய பேக்கப்' என்று புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இது பேக்கப்பே இல்லை. இது வெறும் கண்ணாடி. கண்ணாடி முன்னால் நிற்பவர் மீசையை எடுத்துவிட்டால் கண்ணாடிக்குள் இருப்பவருக்கும் மீசை போய்விடும். "நேற்று மீசை இருந்ததே, அதைக் காட்டு" என்று கண்ணாடியிடம் கேட்க முடியாது.

ஆராய்ச்சி மாணவி ஒருவர் திங்கட்கிழமை மாலை அவசரத்தில் மூன்றாவது அத்தியாயத்தின் மேல் வேறொரு ஃபைலைச் சேமித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்கவில்லை, தூங்கப் போய்விட்டார். இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் எழுந்திருக்கிறது. ஃபைல் மாறியிருக்கிறதே, நல்லது என்று புதிய குப்பையைக் கொண்டுபோய் பழைய அத்தியாயத்தின் மேல் கொட்டுகிறது. புதன்கிழமை காலை வழிகாட்டி அத்தியாயத்தைக் கேட்கும்போது இரண்டு டிஸ்கிலும் ஒரே குப்பை, துளி வித்தியாசம் இல்லாமல். டெலீட் ஆப்ஷன் போடாவிட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் இங்கே அழிந்தது ஃபைல் அல்ல, ஃபைலுக்குள் இருந்தது. ஆர்சிங்க் மேல் குற்றமே கிடையாது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் அதை வெளியிட்டது இரண்டு இடங்களில் இருப்பதைக் குறைந்த செலவில் ஒரே மாதிரி ஆக்குவதற்காக. அது அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. காலத்தில் பின்னோக்கிப் போவது அதன் வேலை என்று நினைத்துக்கொண்டவர்கள் மேல்தான் குற்றம்.

'டிஸ்க் செத்துப் போனால் காப்பாற்றுமே' என்பார்கள். காப்பாற்றும்தான். ஆனால் டிஸ்க் சாவது ஒரு வகை விபத்து. மனிதன் தப்பான கோப்புறையில் நின்றுகொண்டு அழிப்புக் கட்டளை கொடுப்பது, எடிட்டர் பாதியில் செத்து ஃபைலை வெறும் பூஜ்யமாக விட்டுவிட்டுப் போவது, ரான்சம்வேர் வந்து எல்லாவற்றையும் பூட்டுவது, இவையெல்லாம் வேறு வகை. இவற்றுக்கு முன்னால் கண்ணாடி நகல் எதிரிக்குத்தான் உதவி செய்யும். ரெய்டு வைத்திருக்கிறேன் என்று மார்தட்டுபவர்களுக்கும் இதே பதில். ரெய்டில் இரண்டு டிஸ்கிலும் ஃபைல் ஒரே நொடியில் அழியும், இரவு 2 மணி வரை காத்திருக்கும் மரியாதைகூடக் கிடையாது :-)

இதெல்லாம் வீட்டுக் கணினி சமாச்சாரம், பெரிய இடங்களில் அப்படி நடக்காது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு கியோட்டோ கதையைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் சேமிப்பகத்துக்கு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டை எச்.பி.இ. நிறுவனம் பராமரித்து வந்தது. 2021 டிசம்பரில் அந்த ஸ்கிரிப்டைப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று திருத்தினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுவதுமாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. கொஞ்சம் படிக்கும், ஓட்டும், மறுபடி கொஞ்சம் படிக்கும். ஆகவே பாதி வரை பழைய ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, மீதியைப் புதியதன் நடுவிலிருந்து படித்தது. புதிய ஸ்கிரிப்டின் மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்கும் வரிகள் ஓடவே இல்லை. பத்து நாளைக்கு மேற்பட்ட பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய ஃபைண்ட் கட்டளை, எந்தக் கோப்புறையில் தேடுவது என்பதே தெரியாமல், ஆராய்ச்சி ஃபைல்கள் இருந்த சேமிப்பகத்தில் இறங்கி வேலையைக் காட்டியது.

டிசம்பர் 14 முதல் 16 வரை. சுமார் 77 டெராபைட். ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அவற்றில் 4 குழுக்களின் ஃபைல்களை பேக்கப்பிலிருந்து மீட்க வழியில்லை என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. தவறு முழுக்கத் தங்களுடையது என்று எச்.பி.இ. ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் ஃபைல் திரும்பி வருமா என்ன?

(ஓடும் ஸ்கிரிப்டை மாற்றியே ஆகவேண்டும் என்றால் புதியதை வேறு பெயரில் எழுதி, பிறகு பெயர் மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாஷின் கையில் பழைய ஐநோடு அப்படியே இருக்கும். மதிப்பில்லாத மாறியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடு என்று சொல்ல 'செட் மைனஸ் யு' என்ற ஒரு வரியும் இருக்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் எவ்வளவோ பேர் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிக் கொண்டிருக்கிறார்கள்.)

இந்தக் கதையில் முக்கியமான இடம் அதற்குப் பிறகு வருகிறது. விபத்து முடிந்த பின் பல்கலைக்கழகம் என்ன சொன்னது தெரியுமா? இனிமேல் கண்ணாடி நகலோடு, இன்க்ரிமென்டல் பேக்கப்பையும் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருப்போம் என்றது. சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே 77 டெராபைட்டைக் கொடுத்துத்தான் இந்தப் பாடத்தை வாங்கியிருக்கிறார்கள். இருபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வைத்திருப்பவர் எதைக் கொடுத்து வாங்கப் போகிறார்?

இன்க்ரிமென்டல் பேக்கப் என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களின் வித்தை என்று வணிகவியல் கூட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. அதுதான் சிரிப்பு. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தாண்டி இதில் ஒன்றுமே இல்லை. ஒருநாள் முழு நகல் எடுக்கிறோம் அல்லவா, அது தொடக்க இருப்பு. அதற்குப் பிறகு தினமும் மாறியதை மட்டும் எழுதி வைப்பது குறிப்பேட்டுப் பதிவு. எந்தத் தேதியின் இருப்பு வேண்டுமோ, தொடக்க இருப்பில் ஆரம்பித்து அந்தத் தேதி வரை பதிவுகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போனால் கிடைத்துவிடும். கணக்கில் தப்பு நேர்ந்தால் என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ரப்பர் வைத்து அழிக்கச் சொல்வதில்லை, திருத்தப் பதிவு போடச் சொல்கிறார்கள். பழைய பதிவு, தப்பாகவே இருந்தாலும், அங்கேயே இருக்க வேண்டும். கண்ணாடி நகல் என்பது தினமும் இரவு பேரேட்டை அழித்துவிட்டு இன்றைய இருப்பை மட்டும் எழுதி வைக்கும் கணக்கப்பிள்ளை. அவரை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வார்?

யூனிக்ஸுக்கு இது புதிதும் அல்ல. டம்ப் என்ற கட்டளை ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலேயே வந்துவிட்டது, அதாவது எழுபதுகளில். அதில் 0 முதல் 9 வரை மட்டங்கள் உண்டு. 0 என்றால் எல்லாவற்றையும் எடு. வேறு எந்த எண்ணாக இருந்தாலும், அதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எப்போது எடுத்தோமோ அதற்குப் பின் மாறியதை மட்டும் எடு. அவ்வளவுதான் விதி. ஒரு வரி விதியில் எத்தனை ஆட்டம் ஆடலாம் பாருங்கள். ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3 என்று ஏறிக்கொண்டே போனால் தினசரி நகல் சின்னதாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை நிலைக்குத் திரும்ப 0 முதல் 5 வரை ஆறு துண்டுகளும் வேண்டும். செவ்வாய்க்கிழமை டேப் மட்டும் கெட்டிருந்தால் அன்றைக்கு மாறியவை, பிறகு ஒருமுறையும் தொடப்படாதவை, எல்லாம் போச்சு. ஞாயிறு 0, மற்ற நாளெல்லாம் 1 என்று வைத்தால் நகல் நாளுக்கு நாள் பெருக்கும், ஆனால் எந்த நாளுக்கும் இரண்டே துண்டு போதும். இடமா, நிம்மதியா என்று ஆளுக்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே ஹனாய் கோபுரப் புதிர் பாணியில் 3, 2, 5, 4 என்று ஏறி இறங்கும் வரிசை ஒன்றையும் டம்ப் கையேடு சொல்கிறது. அதை எழுதியவர்களுக்கு டேப்பின் விலையும் தெரிந்திருந்தது, டேப் கெடும் என்பதும் தெரிந்திருந்தது.

"இப்போதான் டிஸ்க் மலிவாச்சே, தினமும் முழுசா எடுத்துட்டா போச்சு" என்று சிலர். கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. ஹோம் கோப்புறை 200 ஜிபி, தினமும் 2 ஜிபி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 30 நாள் வரலாற்றுக்கு முழு நகல் 6,000 ஜிபி கேட்கும். ஒரு முழு நகலும் 29 நாள் மாற்றமும் என்றால் 258 ஜிபி. இந்தப் பெரிய வித்தியாசத்தால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், முழு நகல் ஆசாமி நான்காம் நாள் இடமில்லாமல் பழையதை அழிக்க ஆரம்பிக்கிறார். சில வாரத்தில் ஒரே நகல்தான் மிஞ்சும். அதாவது மறுபடியும் கண்ணாடி!

இத்தனையும் கேட்டுவிட்டு உற்சாகமாகப் போய் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் ஒரு கூட்டம். இவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஃபைண்ட் கட்டளையில் 'ஒரு நாளுக்குள் மாறியவை' என்று தேடி, கிடைத்ததை டார் ஃபைலாகக் கட்டி வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இரண்டு ஓட்டை. முதலாவது, ஃபைண்ட் பார்ப்பது உள்ளடக்கம் எப்போது மாறியது என்ற தேதியை. பென்டிரைவிலிருந்து தேதி மாறாமல் நகலெடுத்த போன வருடத்துப் படங்கள், இன்று பிரித்த பழைய ஜிப் ஃபைல், வேறு இடத்திலிருந்து இங்கே நகர்த்திய கோப்புறை, இவற்றுக்கெல்லாம் பழைய தேதியே இருக்கும். கணினிக்கு இன்றுதான் வந்தன, ஆனால் தேதியோ போன வருடம். ஸ்கிரிப்ட் திரும்பிக்கூடப் பார்க்காது. அடுத்த முழு நகல் வரை அவை அநாதை. டம்ப் இந்தத் தேதியோடு ஐநோடு மாறிய நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஓட்டை, அழிந்ததைப் பற்றி இந்த ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் தெரியாது. மீட்டெடுக்கும் நாளில் எப்போதோ அழித்த ஃபைல்களெல்லாம் பேயாக எழுந்து வரும். பெயர் மாற்றிய கோப்புறை இரண்டு பெயரிலும் வரும். குனு டாரில் 'லிஸ்டட் இன்க்ரிமென்டல்' என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோப்புறையில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளும். அதே ஆப்ஷனோடு வரிசையாகப் பிரித்தால் அழிந்தவற்றை அழித்துக்கொண்டே வரும். ஆனால் அந்தப் பட்டியல் ஃபைலை டார் ஒவ்வொரு முறையும் புதுப்பித்துவிடும் என்பதை மறந்தால், தினமும் முழு நகலிலிருந்து கணக்கிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்குத் தினமும் சங்கிலிதான் நீண்டுகொண்டிருக்கும். முதல் பட்டியலைத் தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அந்த நகலின் நகலைக் கொடுக்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஹார்ட் லிங்க் ரசிகர்கள் கதை இன்னும் சுவாரசியம். ஆர்சிங்கிலேயே 'லிங்க் டெஸ்ட்' ஆப்ஷன் போட்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புறை உண்டாகும், ஒவ்வொன்றும் முழு நகல் போலவே தெரியும். மாறாத ஃபைலுக்கு மட்டும் புது நகல் எடுக்காமல் பழையதற்கே இன்னொரு பெயர் கொடுத்துவிடும். உண்மையிலேயே அருமையான யோசனை, ஆர்ஸ்னாப்ஷாட் இதை வைத்துத்தான் ஓடுகிறது, ஆப்பிள் 2007-ல் கொண்டுவந்த டைம் மெஷினும் ஆரம்பத்தில் இந்தத் தந்திரத்தைத்தான் பயன்படுத்தியது. எந்த நாள் வேண்டுமோ அந்தக் கோப்புறையைத் திறந்தால் போதும், சங்கிலியும் இல்லை சேர்த்தலும் இல்லை. ஆனால் "என்னிடம் முப்பது நகல் இருக்கு" என்று இவர்கள் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. மாறாத ஃபைலுக்கு முப்பது பெயர் இருக்கிறது, நகல் ஒன்றே ஒன்றுதான். டிஸ்கில் அந்த இடம் கெட்டால் முப்பதும் சேர்ந்தே கெடும். ஒரே ஆளுக்கு முப்பது ரேஷன் கார்டு வாங்கிவிட்டால் முப்பது பேர் ஆகிவிடுவார்களா? இன்னொரு டிஸ்க், முடிந்தால் இன்னொரு கட்டடம், வேண்டியதுதான். பேக்கப் டிஸ்கை எப்போதும் கணினியிலேயே மாட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றியும் யோசிக்கலாம். ரான்சம்வேருக்கு எந்தக் கோப்புறை பேக்கப், எது அசல் என்ற பேதமெல்லாம் கிடையாது.

சொந்த ஸ்கிரிப்ட் வேண்டாம் என்பவர்களுக்கு இன்று போர்க், ரெஸ்டிக் என்று இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் மறையாக்கம் செய்து சேமிக்கும். பெயர் மாற்றினாலும், வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் ஏமாறாது. சேமித்தது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் தனிக் கட்டளை உண்டு. (மறையாக்கத்தின் கடவுச்சொல்லை அதே லேப்டாப்பில் மட்டும் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும் புத்திசாலிகளுக்கு எந்தக் கருவியும் உதவாது.)

ஆனால் கருவி எதுவானாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதைக் கேட்டால்தான் 'பேக்கப் எடுத்தாச்சு' கோஷ்டிக்கு வேர்க்கும். கடைசியாக எப்போது அதிலிருந்து எதையாவது மீட்டுப் பார்த்தீர்கள்?

1998-ல் பிக்ஸாரில் டாய் ஸ்டோரி 2 படத்தின் ஃபைல்களை யாரோ ஒரு அழிப்புக் கட்டளையால் துடைக்க ஆரம்பித்தார்கள். திரையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்து இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னதெல்லாம் நடந்தது. பேக்கப் இருக்கிறதே என்று போனால் பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை, அது அதுவரை யாருக்கும் தெரியாது. படத்தைக் காப்பாற்றியது மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன் வீட்டிலிருந்த கணினி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு நகல் வைத்திருந்தார். போர்வையில் சுற்றி காரில் கொண்டுவந்தார்கள். (பிறகு கதை திருப்தியில்லாமல் படத்தின் பெரும்பகுதியை மறுபடி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.)

சரி, அது பழைய காலம் என்பார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரவு நேரக் குழப்பத்தில் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் நான்கரை ஜிபிதான் மிச்சம். ஐந்து வழிகளில் பேக்கப் எடுக்க ஏற்பாடு இருந்தது, ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் பெறுபவரிடம் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டன. நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலி. ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் ஆபத்பாந்தவன். இத்தனையையும் மறைக்காமல் வெளியே சொன்னதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டு இடத்திலும் காப்பாற்றியது பேக்கப் ஏற்பாடல்ல, தற்செயல். எல்லோருக்கும் வீட்டில் ஒரு சூஸ்மன் இருக்க மாட்டார்.

கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு போடாமல் இறுதிக் கணக்குக்குப் போனால் ஆசிரியர் நோட்டைத் தூக்கி எறிவார். பற்றும் வரவும் கூட்டினால் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி ஆகுமா? இங்கேயும் அவ்வளவுதான் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலியாக ஒரு கோப்புறை உண்டாக்கி, போன வாரப் புதன்கிழமை நிலையை அதில் மீட்டெடுக்க வேண்டும். இன்றைய நிலையை அல்ல, நடுவில் ஒரு நாளை. சங்கிலி அறுந்திருந்தால் அப்போதுதான் தெரியும். பிறகு டிஃப் கட்டளையில் இப்போதைய கோப்புறையோடு ஒப்பிட்டு, வித்தியாசமாகத் தெரிபவை எல்லாம் புதன்கிழமைக்குப் பிறகு நிஜமாகவே மாறியவைதானா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். புதன்கிழமைக்கு முன்பே அழித்த ஃபைல் ஒன்று எழுந்து வந்திருந்தாலோ, போன மாதம் கொண்டுவந்து போட்ட படக் கோப்புறை வராமல் இருந்தாலோ, ஸ்கிரிப்டை அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டியதுதான். அடுத்த க்ரான் ஓட்டம் ராத்திரி 2 மணிக்கு.